பாட்டு கேக்குது, வார்த்தை கேக்கல

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஊர் கேட்கும் கேள்விகள் இரண்டு. "இன்னுமா இதை ஓட்டறீங்க?" என்பது ஒன்று. "எவ்வளவுக்குக் குடுப்பீங்க?" என்பது இன்னொன்று. எங்கள் வீட்டு சான்ட்ரோவுக்கு இரண்டுமே தினமும் நடக்கும். 2004 மாடல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்பட்டு, ஒரு வங்கி அதிகாரி வீட்டில் ஏழு வருஷம் இருந்து, 2011-ல் கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. அப்பா வேலை செய்த மில் 2005-ல் மூடியது. செட்டில்மென்ட் பணம் இழுத்தடித்து வந்து சேர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது. அதில் அக்கா கல்யாணக் கடன் போக மிஞ்சியதில் அப்பா வாங்கிய ஒரே ஆடம்பரம் இந்தக் கார்.

தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2019-ல் ஒரு முறை புதுப்பித்தோம். 2024-ல் மறுபடியும். இந்த முறை கட்டணம் மட்டும் 5,000 ரூபாய். அதற்கு முன் டிங்கரிங், பெயின்ட், நாலு டயர், சஸ்பென்ஷன் புஷ் என்று ஒரு பெரிய தொகை. பெங்களூரிலிருந்து நான் பணம் அனுப்ப, அப்பா ஒவ்வொரு வேலையையும் பட்டறையில் நின்று பார்த்து வாங்கினார். எல்லாம் முடிந்து ஆர்.சி. கைக்கு வந்த அன்று போனில் சொன்னார்: "வண்டி இப்ப கல்லு மாதிரி இருக்குது சாமி. செட்டு ஒண்ணுதான் போயிருச்சு. அதை மாத்தோணும்."

செட் என்றால் காருடனேயே வந்த கேசட் பிளேயர். ரேடியோவும் உண்டு. முன் கதவுகளில் ரெண்டு ஸ்பீக்கர், பின்னால் ஷெல்ஃபில் ரெண்டு.

"என்னாச்சுங்கப்பா? சத்தம் வரலீங்களா?"

"சத்தமெல்லாம் வருது. பாட்டு கேக்குது, வார்த்தை கேக்கல."

சாஃப்ட்வேரில் பன்னிரண்டு வருஷமாக பக் ரிப்போர்ட் படித்துக்கொண்டிருக்கிறேன். "வேலை செய்யல, உடனே பாருங்க" என்றுதான் பெரும்பாலும் வரும். அப்பாவின் ரிப்போர்ட்டில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்ற எல்லை துல்லியமாக இருந்தது. பின்னாலிருந்து அம்மாவின் குரலும் கேட்டது. "செட்டு நல்லாத்தான் இருக்குது தம்பி. உங்கப்பா வைக்கற சத்தத்துக்கு நான் காதுல பஞ்சு வெச்சுட்டுத்தான் வண்டியில ஏறறேன்."

இரண்டு பேர் சொன்னதுமே உண்மையாக இருக்க முடியும். அதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

*

அப்பா ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். 1975-ல் பத்தொன்பது வயதில் உள்ளே போனவர். முதலில் சைடர், பிறகு மேஸ்திரி. எல்லாம் ரிங் ஃப்ரேம் டிபார்ட்மென்டில். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மாறி மாறி வரும். எங்கள் ஏரியாவில் கடிகாரத்துக்குப் பதில் மில் சங்கு. நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அவருக்குச் சாப்பாடு கொடுக்க கேட் வரைக்கும் போயிருக்கிறேன். ஒரே ஒரு ஆயுத பூஜைக்கு உள்ளே விட்டார்கள். அன்று மெஷின்கள் நின்றிருந்தன. அதனால் அந்த இடத்தின் சத்தம் எனக்குத் தெரியாது. ரிங் ஃப்ரேமில் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேல் சுழலும் என்பதைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சத்தத்துக்குள் மில்காரர்கள் பேசிக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தார்கள். வாயசைவும் கையும்தான். ஆள் வரவில்லை, பாபின் தீர்ந்துவிட்டது, டீக்குப் போகலாம், சூப்பர்வைசர் வருகிறார் - எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. கல்யாண வீட்டில் பந்தியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அப்பாவும் அவருடைய சேக்காளிகளும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு முழுக்கதையைப் பரிமாறிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அது எனக்கு ஒரு வித்தை மாதிரி இருந்தது.

நம் உட்காதில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. நத்தைக்கூடு மாதிரி சுருண்ட குழாயின் வாசல் பக்கம் இருப்பவை உயர்ந்த சுருதிக்கு, உள்ளே போகப் போகத் தாழ்ந்த சுருதிக்கு. தொடர்ந்த பேரிரைச்சலில் முதலில் சாவது வாசல் பக்கத்துச் செல்கள். அதிலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி முதலில் போகும். செத்த செல் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. வயதானால் வரும் கேள்விக்குறைவும் உயர்ந்த சுருதியிலிருந்துதான் தொடங்கும். அப்பாவுக்கு மில் பாதி, வயது பாதி.

பேச்சில் சத்தத்தின் பலம் உயிரெழுத்துகளில் இருக்கிறது. அவை பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகள். க, ச, ட, த, ப என்று வார்த்தையை வார்த்தையாக்குகிற வல்லின மெய்களின் அடையாளத்தில் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிக மெல்லிசாக, மிகக் குறைந்த நேரமே இருந்துவிட்டுப் போகிறது. கடை, தடை, படை, சடை. நான்கிலும் இழுத்துச் சொல்லப்படும் பகுதி ஒன்றுதான். முதல் மெய்யின் அந்தச் சின்ன வெடிப்பு கேட்காவிட்டால் நான்கும் ஒரே வார்த்தை. ராகம் கேட்கும், தாளம் கேட்கும், பாடுவது ஆணா பெண்ணா என்பது தெரியும். பாட்டு கேட்கும், வார்த்தை கேட்காது.

இதெல்லாம் எங்களுக்கு ஒரு சிரிப்புக் கதையாக முன்பே வீட்டுக்குள் வந்திருந்தது. அக்கா மகளுக்கு அப்போது நாலு வயது. மழை பெய்துகொண்டிருந்தது. அவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "அப்பச்சி, கப்பல் குடுங்க" என்றாள். அப்பா எழுந்து போய் டப்பாவைத் திறந்து ஒரு அப்பளத்தை எடுத்துவந்து நீட்டினார். வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். குழந்தை அந்த அப்பளத்தைத் தண்ணீரில் விட்டது. அதற்கும் சிரித்தோம். அந்தக் கதையை அடுத்த ஒரு மாதம் வருகிற போகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் அம்மா சொன்னார். அதற்குப் பிறகு ஈரோட்டிலிருந்து அக்கா போன் பண்ணும்போது குழந்தை பேச வந்தால், "அம்முச்சிகிட்ட பேசு கண்ணு" என்று அப்பா போனைக் கைமாற்ற ஆரம்பித்தார்.

காது டாக்டரிடம் போகலாம் என்று அக்கா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "மிசினை மாட்டிட்டு செவிடன்னு ஊருக்கெல்லாம் போர்டு காட்டச் சொல்றியா?" என்றார். நேருக்கு நேர் உட்கார்ந்தால் அவரால் பேச முடிந்தது என்பதும் ஒரு காரணம். முப்பது வருஷ வாயசைவுப் பயிற்சி. 2020-ல் எல்லோரும் முகக்கவசம் மாட்டிக்கொண்டபோது மட்டும் அவர் கடை கண்ணிக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். கொரோனா பயம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

காரில் யாருடைய முகமும் யாருக்கும் தெரியாது. ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பக்கவாட்டில், மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால். அதோடு டயர், எஞ்சின், காற்று மூன்றும் சேர்ந்து தாழ்ந்த சுருதியில் ஒரு இரைச்சலைப் பரப்புகின்றன. தாழ்ந்த சத்தத்துக்கு மேலே இருக்கும் மெல்லிய சத்தங்களை மூடிப்போடும் குணம் உண்டு. ஆக, அப்பா மற்ற எல்லா இடத்திலும் சமாளித்து வைத்திருந்ததெல்லாம் கைவிட்டுப் போகும் ஒரே இடம் அவருக்குப் பிரியமான அந்தக் கார்தான். பழி செட்டின்மேல் விழுந்தது.

*

அடுத்த முறை ஊருக்குப் போனபோது முதலில் செட்டைச் சோதித்தேன். கேசட் வடிவத்திலேயே வயரோடு ஒரு அடாப்டர் கிடைக்குமே, அதைச் செருகி, போனிலிருந்து எல்லாச் சுருதியும் கலந்த ஒரு இரைச்சலை ஓடவிட்டு, இன்னொரு போனில் அலைவரிசை அளக்கும் செயலியைத் திறந்து ஓட்டுநர் தலை இருக்கும் இடத்தில் பிடித்தேன். 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கியது. கதவைத் திறந்து பார்த்தால் வலப்பக்க ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு இருபது மழைக்காலத்தைக் குடித்து ஊறிக் காய்ந்து ஓரத்தில் கிழிந்திருந்தது. அப்பா சொன்னது சரி, செட்டுக்கும் காது போயிருந்தது.

"நாஞ் சொன்னனல்ல?" என்று அம்மாவைப் பார்த்து ஜெயித்த குரலில் சொன்னார்.

பழைய காரின் செட்டை மாற்றுவது எளிது. அது நடப்பதற்குக் காரணம் ஒரு ஓட்டை. 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மனியின் தரநிர்ணய அமைப்பு கார் ரேடியோவுக்கென்று வகுத்த அளவு இது. பிறகு சர்வதேசத் தரமாகவும் ஆனது. அந்த அமைப்பின் சுருக்கப் பெயரால் எல்லோரும் இதை 'டின்' என்பார்கள். உயரம் இரட்டிப்பானால் டபுள் டின். கார் கொரியக் கம்பெனியுடையதாக இருக்கலாம், செட் ஜப்பான் கம்பெனியுடையதாக இருக்கலாம், நடுவில் இருபது வருஷம் ஓடியிருக்கலாம். ஓட்டை ஒன்றுதான் என்பதால் உள்ளே போய்விடும்.

வயர்களுக்கும் பெரும்பாலும் ஒரு மரபு உண்டு. மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இருக்கும், நினைவைக் காப்பாற்ற. சிவப்பு சாவி போட்டால்தான் உயிர் பெறும். கறுப்பு எர்த். வெள்ளையும் சாம்பலும் முன் ஸ்பீக்கர்கள், பச்சையும் ஊதாவும் பின் ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு போட்டது நெகடிவ். மஞ்சளையும் சிவப்பையும் யாராவது மாற்றிக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். காலையில் புதுசாகப் பிறந்த மாதிரி மணி பன்னிரண்டு என்று காட்டும்.

இன்றைய பல கார்களில் இந்த ஓட்டை கிடையாது. டேஷ்போர்டின் நடுவில் ஒரு திரை, அதற்குள்ளேயே ஏசி, ரிவர்ஸ் கேமரா, வண்டியின் செட்டிங் எல்லாம். பாட்டுப் பெட்டியை மட்டும் தனியாகக் கழற்ற வழியில்லை. அந்தத் திரைகளுக்கு எழுதுகிற மாதிரியான சாஃப்ட்வேரை எழுதித்தான் நானும் சம்பளம் வாங்குகிறேன். ஐந்து வருஷம் கழித்து அதற்கு அப்டேட் வராது என்பது எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். அப்பாவின் சான்ட்ரோவில் அந்தக் கவலை இல்லை. நாலு ஸ்க்ரூ, ஒரு கப்ளர்.

*

சத்தி ரோட்டில் ஒரு கடைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒம்பது இஞ்ச் ஆண்ட்ராய்டு போட்றலாம்ங்ணா, டேஷை லைட்டா வெட்டோணும். பின்னாடி ஒரு பேஸ் ட்யூப். சும்மா அதிரும்" என்றார். அப்பா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டேஷை வெட்ட வேண்டாம்" என்றார்.

நான் தேடியது வேறு. சிங்கிள் டின், ப்ளூடூத், யுஎஸ்பி, முக்கியமாக பதின்மூன்று பேண்ட் ஈக்வலைசர். சாதாரண செட்டில் பேஸ், ட்ரெபிள் என்று இரண்டு குமிழ்தான். பதின்மூன்று இருந்தால் 2,500, 4,000, 6,300 ஹெர்ட்ஸ் என்று தனித்தனியாகத் தொட முடியும்.

அட்டைப்பெட்டியில் 50 வாட் x 4 என்று பெரிதாகப் போட்டிருந்தது. எல்லாப் பெட்டியிலும் அதுதான் இருக்கும். ஓடும் காரில் மின்சாரம் சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52. அலையின் தலையையும் காலையும் சீவித் தட்டையாக்கி, சத்தம் கரகரவென்று உடைந்து வரும்போது கிடைக்கும் எண் அது. சுத்தமான அலைக்கு அதிகபட்சமே பாதிதான், 26. கேட்கும்படி கேட்க வேண்டுமென்றால் 20-க்குள். அதனால் வாட்டைப் பார்க்காமல் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியைப் பார்ப்பது நல்லது. அதே மின்சாரத்துக்கு 3 டெசிபல் கூடுதலாகச் சத்தம் தரும் ஸ்பீக்கர், இரண்டு மடங்கு வாட் வாங்கியதற்குச் சமம். ட்வீட்டர் தனியாக வரும் காம்பொனன்ட் ஜோடி ஒன்றை எடுத்தோம். ட்வீட்டரைக் கண்ணாடி மூலையில் காதைப் பார்த்த மாதிரி வைக்கலாம். உயர்ந்த சுருதி டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். முழங்காலுக்குக் கீழே கதவில் இருந்தால் அது தொடைக்குத்தான் கேட்கும்.

கதவுக்கு டேம்பிங் ஷீட் ஒட்டச் சொன்னேன். பின்பக்கம் ரப்பர் மாதிரிப் பசை, மேலே அலுமினியம். கதவுத் தகடு அதிர்வதைக் குறைக்கும், ரோட்டு இரைச்சலையும் கொஞ்சம் வெளியே நிறுத்தும். "இதுக்குப் போடற காசுல சப் ஊஃபரே வந்துரும்ங்ணா" என்று கடைக்காரத் தம்பிக்கு வருத்தம். வயரை முறுக்கி டேப் சுற்றாமல் கப்ளர் போட்டுக் கொடுக்கச் சொன்னதற்கு அவர் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்.

மூன்று மணி நேரம் ஆனது. அப்பா ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு டோர் பேனலைக் கழற்றுவதைப் பக்கத்திலிருந்தே பார்த்தார். ஒரு கிளிப் உடைந்தபோது உடைந்ததை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கழற்றிய பழைய செட்டை எடுத்தால் உள்ளே ஒரு கேசட் இருந்தது. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக்கொடுத்துப் பதிந்து வாங்கிய 60 நிமிஷக் கேசட். லேபிளில் அப்பாவின் கையெழுத்து, ஏ பக்கம் ஏழு பாட்டு, பி பக்கம் ஏழு. "இதை எங்க கேக்கறது இனி?" என்று கேட்டார். போனில் அந்தப் பதினாலு பாட்டையும் அதே வரிசையில் ஒரு ப்ளேலிஸ்டாகப் போட்டுக் கொடுத்தேன். பதின்மூன்று கிடைத்தது. ஒன்று கிடைக்கவே இல்லை.

*

செட்டைச் சரிசெய்தாகிவிட்டது. மீதி இருந்ததை வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு காலி மைதானத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தோம். எஞ்சினை அணைத்தேன், கண்ணாடிகளை ஏற்றினேன். அப்பா டிரைவர் சீட்டில், நான் பக்கத்தில், அம்மா பின்னால்.

முதலில் எல்லா பேண்டையும் பூஜ்யத்தில் வைத்தேன். அப்பா கேட்டார். "முன்னைக்கு பரவால்ல" என்றார். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. இவ்வளவு செலவு பண்ணியிருக்கிறான், சொல்ல வேண்டாம் என்று அடக்கிக்கொண்ட ஏமாற்றம். சத்தத்தைக் கூட்டக் கைநீட்டினார்.

சத்தத்தைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது. 4,000 ஹெர்ட்ஸில் ஒருவருக்கு 60 டெசிபல் போயிருந்தால், அதை ஈடுகட்ட அந்தச் சுருதியில் பத்து லட்சம் மடங்கு சக்தி வேண்டும். வால்யூம் குமிழ் எல்லாச் சுருதியையும் சேர்த்தே தூக்கும். கேட்கிற பேஸ் இன்னும் பெரிதாகி, கேட்காத மெய்யெழுத்தை இன்னும் ஆழமாக மூடும். இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. இப்படிப் பழுதான காதுக்கு மெல்லிய சத்தம் கேட்கவே கேட்காது, ஆனால் பெரிய சத்தம் நமக்குக் கேட்கும் அதே அளவுக்குப் பெரிதாகக் கேட்கும். நடுவில் இருக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. மெதுவாகச் சொன்னால் "என்ன?" என்றும், திரும்ப உரக்கச் சொன்னால் "ஏண்டா கத்தறே?" என்றும் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது இதனால்தான். அது அவர்களுடைய முன்கோபம் என்றே நாம் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

வால்யூமில் இருந்த அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டு, "இருங்கப்பா, ஒண்ணு ஒண்ணா மாத்தறேன். எப்ப நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். பாட்டை நிறுத்திவிட்டு ரேடியோ வைத்தேன். யாரோ ஒரு பெண் போக்குவரத்து நெரிசல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுதான் சரியான சோதனை. பேஸ் பக்கத்து மூன்று பேண்டைக் கீழே இறக்கினேன். 1,600-ஐ ஒரு படி ஏற்றினேன். ஒன்றும் சொல்லவில்லை. 2,500-ஐ நாலு படி. தலையைக் கொஞ்சம் சாய்த்தார். 4,000-ஐ மேலே வரை தள்ளினேன். 6,300-ஐயும்.

"இரு" என்றார். "இரு, இரு. அப்படியே வை."

ரேடியோப் பெண் ஏதோ சிக்னல் பெயரைச் சொன்னார். அப்பா அதைத் திரும்பச் சொன்னார். அடுத்து அவர் சொன்ன ரோட்டுப் பெயரையும் திரும்பச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பையன் டிக்டேஷனுக்குச் சொல்வது மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக. ப்ளூடூத்துக்கு மாற்றி அந்தப் பழைய கேசட் பாட்டில் ஒன்றை வைத்தேன். முதல் சரணம் முடியும்வரை ஸ்டீரிங்கைப் பிடித்தபடி பேசாமல் இருந்தார்.

பின்னாலிருந்து அம்மா, "ஏனுங்க, அதை அணைங்க. ஊசியில குத்தற மாதிரி இருக்குது" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தகரத்தில் ஆணியால் கீறுகிற சத்தம். பேஸ் இல்லை, சூடு இல்லை, எல்லா எழுத்தும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

அப்பா திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தை.

"உனக்கும் அப்படித்தான் இருக்குதா?"

"ஆமாங்கப்பா. கொஞ்சம் கூசுது."

"உனக்கு நல்லா இருக்கற மாதிரி வை. நான் கேக்கறேன்."

எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். அம்மா, "இப்பத்தான் பாட்டு மாதிரி இருக்குது" என்றார். அப்பா கொஞ்ச நேரம் கேட்டார். இரண்டையும் செட்டில் தனித்தனியாகப் பதிந்துவைத்திருந்தேன். ஒரு பட்டனில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். அவர் தானே அழுத்தினார். ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. ஏழெட்டு முறை.

"அப்ப, ரெண்டாவதுல உங்களுக்கெல்லாம் வார்த்தை கேக்குது."

"கேக்குதுங்கப்பா."

"எல்லா வார்த்தையுமா?"

"எல்லா வார்த்தையும்."

திரையில் முதல் செட்டிங்கின் படம் எரிந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மேடு. அதைத் தலைகீழாகப் பிடித்தால் அப்பாவின் காதின் படம். அதை நான் சொல்லவில்லை. அவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே, "மில்லுல பஞ்சு குடுப்பாங்க. மூக்குக்குத் துணி கட்டிக்கச் சொல்லுவாங்க. காதைப் பத்தி ஒருத்தனும் ஒண்ணும் சொன்னதில்ல" என்றார். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டத்தில் மூன்றாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. தொழிலால் வரும் நோய்கள் என்று அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியல். இரைச்சலால் வரும் கேள்விக்குறைவும் அதில் இருந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று வரம்பும் இருந்தது. அப்பா வேலை பார்த்த முப்பது வருஷத்தில் அவருடைய காதை ஒருவரும் அளந்ததில்லை. மில் இருந்த இடத்தில் இப்போது ப்ளாட்டுகள். யாரிடம் போய் எந்தக் காகிதத்தைக் காட்டுவது? அவருடைய செட்டில்மென்ட் கணக்கில் பி.எஃப்., கிராஜுட்டி, விடுமுறைச் சம்பளம் எல்லாம் வரிவரியாக இருக்கின்றன. காது இல்லை.

*

இரண்டு நாள் கழித்து, நான் பஸ் ஏறுவதற்கு முன் அப்பாவே கேட்டார். "இந்த மாதிரி பட்டன் வெச்சுக் காதுக்கே குடுப்பாங்களா?"

கொடுப்பார்கள். ஆடியாலஜிஸ்ட் சின்ன அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சுருதியாக, கேட்காத அளவிலிருந்து கேட்கிற அளவு வரை தேடிக் கோடு போட்டார். இரண்டு காதிலும் 1,000 ஹெர்ட்ஸ் வரை சுமாராக இருந்து, பிறகு இறங்கி, 4,000-ல் குழியாக விழுந்து, 8,000-ல் கொஞ்சமாக மேலே வந்தது. அந்தக் குழிக்கு என்ன அர்த்தம் என்று அவர் விளக்க ஆரம்பித்தபோது அப்பா, "இந்தப் படத்தைப் பாத்திருக்கறனுங்க, எங்க வண்டி செட்டுல" என்றார். ஆடியாலஜிஸ்டுக்குப் புரியவில்லை.

நாங்கள் எடுத்த மிஷின் ஜோடியின் விலை காரின் இன்றைய விலையைவிட அதிகம். அது செய்யும் வேலை ஈக்வலைசர் வேலைதான், கொஞ்சம் புத்திசாலித்தனமாக. மெல்லிய சத்தத்தை நிறையவும் பெரிய சத்தத்தைக் குறைவாகவும் தூக்கி, அந்தச் சுருங்கிப்போன இடைவெளிக்குள் மடித்து வைக்கிறது. முதல் வாரம் அப்பாவுக்கு நரகம். பாத்திரம் விழுவது, செய்தித்தாள் மடிப்பது, தன் செருப்புச் சத்தம் எல்லாம் மேலே பாய்ந்தன. கழற்றி டப்பாவில் போட்டார். டாக்டர் தினமும் எட்டு மணி நேரமாவது மாட்டச் சொல்லியிருந்தார். அப்பா ஒரு சமரசத்துக்கு வந்தார். "வண்டிக்கு மட்டும்."

மிஷின் டப்பா இப்போது காரின் க்ளவ் பாக்ஸில் இருக்கிறது, ஆர்.சி. நகலுக்கும் உடைந்த கிளிப்புக்கும் பக்கத்தில். சீட் பெல்ட் போடுவதற்கு முன் எடுத்து மாட்டிக்கொள்கிறார். இறங்கும்போது கழற்றிவிடுகிறார். வீட்டுக்குள் இன்னும் "என்ன?"தான். டீக்கடையில், கல்யாண வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தவர் யாருமில்லை. போர்டு காட்டக் கூடாது என்ற பிடிவாதம் அப்படியே இருக்கிறது. சேக்காளிகள் யாருக்கும் தெரியாது. அவர்களில் பாதிப்பேருக்குத் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

போன பள்ளி விடுமுறைக்கு அக்கா மகள் வந்திருந்தாள். ஆறு வயது. பேரூர் வரைக்கும் அப்பா அவளைக் காரில் கூட்டிப்போனார், நான் முன்சீட்டில். பின்னால் உட்கார்ந்து அவள் பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு டூ என்று ஒரு நீண்ட பட்டியல் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்பா ரோட்டைப் பார்த்தபடியே, "அவ எதுக்கு உன்ற பென்சிலை எடுத்தா?" என்று கேட்டார். அவள் காரணம் சொன்னாள். "அப்பறம்?" என்றார்.

செட்டைப் பார்த்தேன். இரண்டாவது செட்டிங்கில் இருந்தது. சத்தம் பன்னிரண்டில். பாட்டு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, இவர்கள் பேச்சில் அது யாருக்கும் கேட்கவில்லை.